நியூயோர்க் நகரின் வாடகைக் கார்த் தொழிலும் நகரக் கட்டுப்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

1

கைத்தொலைபேசிச் செயலியின் மூலம் வாடகைக் காரை அழைக்கும் முறை கடந்த பதினைந்து ஆண்டுகளுள் உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் வேரூன்றிவிட்டது. அதனையொட்டி எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வடிவில் அமைந்துள்ளமையைக் காணலாம். புதிய தொழில்நுட்பம் ஒருபுறம், பழைய சட்டங்கள் மறுபுறம் என இரு தரப்புக்களை நிறுத்தி, முன்னது முன்னேற்றத்தையும் பின்னது தேக்கத்தையும் குறிப்பனபோலக் காட்டுதல் வழக்கமாகியுள்ளது. இவ்வாறு நோக்குவோர் முக்கியமான ஒன்றை மறந்துவிடுகின்றனர். வாடகை வண்டிகளை நகரம் கட்டுப்படுத்தத் தொடங்கியது மோட்டார் கார் தோன்றுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னரேயாகும். அக்கட்டுப்பாடுகள் அதிகாரிகளின் விருப்பு வெறுப்புக்களிலிருந்து மட்டும் பிறந்தவையல்ல. தொழிலின் இயல்பிலேயே உள்ள ஒரு முரண்பாட்டிலிருந்து பிறந்தவை.

அம்முரண்பாடு யாது? வாடகைக் கார் ஒன்று பயணியை ஏற்றிச் செல்லும் நேரத்தில் மட்டுமே வருவாய் ஈட்டுகிறது. பயணியைத் தேடி அலையும் நேரத்திலும், தரிப்பிடத்திற் காத்துநிற்கும் நேரத்திலும் அது எதனையும் ஈட்டுவதில்லை. எரிபொருளும் சாரதியின் உழைப்பும் மட்டும் செலவாகின்றன. எனினும் அந்த வெறுமையான நேரம் பயணிக்குப் பயனற்றதன்று. கையைக் காட்டியவுடன் வண்டி வந்து நிற்கவேண்டுமாயின், எங்கோ ஒரு வண்டி வெறுமையாக ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். ஆகவே பயணியின் வசதிக்கு விலையாக இருப்பது சாரதியின் காத்திருப்பு. அவ்விலையைச் செலுத்துபவர் யார் என்பதே இத்தொழிலின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினாவாகும். நியூயோர்க் நகரின் வரலாற்றை முதன்மையாகக் கொண்டு, இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நியூயோர்க்கின் அனுபவத்தை விளங்கிக்கொள்வதற்கு இலண்டன் மாநகரின் முன்னனுபவத்தைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம். வாடகைக் குதிரை வண்டிகள் இலண்டன் தெருக்களில் பெருகியபோது, 1635ஆம் ஆண்டில் முதலாம் சார்ள்ஸ் மன்னன் அவற்றைக் கட்டுப்படுத்தும் பிரகடனமொன்றை வெளியிட்டான். மன்னராட்சி வீழ்ந்து பொதுநலவாய ஆட்சி நிலவிய 1654ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு கட்டளைச் சட்டத்தை இயற்றி, உரிமம் பெற்ற வண்டிக்காரரின் தொகையை 200 ஆக வரையறுத்தது. மன்னராட்சி மீண்டபின் 1662இல் இயற்றப்பட்ட சட்டம் 400 வண்டிகளுக்கு உரிமம் வழங்கியது. மன்னனும் மன்னனை எதிர்த்தோரும் ஏனையவற்றில் முரண்பட்டபோதிலும் இவ்விடயத்தில் ஒரே வழியைப் பின்பற்றியமை மனங்கொள்ளத்தக்கது. இருதரப்பாரும் எண்ணிக்கையை வரையறுத்தனர். உரிமத்துக்குக் கட்டணம் பெற்றனர்.

எண்ணிக்கை வரையறை 1831ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாராளவாதப் பொருளாதாரச் சிந்தனை வலுப்பெற்றுவந்த காலம் அது. எனினும் கட்டுப்பாடு மறையவில்லை, வேறுவடிவம் பெற்றது. 1850 முதல் தலைநகரப் பொலிஸாரின் மேற்பார்வைக்குள் இத்தொழில் கொண்டுவரப்பட்டது. நகரின் தெருக்களையும் முக்கிய இடங்களையும் சாரதி மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும் என்ற விதி அடுத்த சில ஆண்டுகளில் நிலைபெற்றது. ‘அறிவு’ என்ற பெயராலேயே வழங்கும் அத்தேர்வு இன்றும் நடைபெறுகிறது. சாரிங் குரொஸ் என்னுமிடத்திலிருந்து ஆறு மைல் சுற்றளவினுள் அமைந்த சுமார் 25,000 தெருக்களை அறிந்திருக்க வேண்டும் எனக் கூறப்படும் அத்தேர்வுக்கு ஆயத்தஞ் செய்வோர் மூன்று, நான்கு ஆண்டுகளைச் செலவிடுவது சாதாரணம்.

இவ்வகையில் இலண்டன் எண்ணிக்கையை நேரடியாக வரையறுப்பதைக் கைவிட்டு, தகுதியை உயர்த்துவதன் மூலம் தொழிலுக்குள் நுழைவதைக் கடினமாக்கியது. அங்கு சாரதியின் சொத்து அவர் தலைக்குள் இருந்த அறிவு. அதனை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. நியூயோர்க் இதற்கு நேர்மாறான வழியிற் சென்றது. அங்கு தொழில் செய்யும் உரிமை வண்டியின் முகப்பில் அறையப்பட்ட ஓர் உலோகத் தகடாயிற்று. இவ்வேறுபாட்டின் விளைவுகள் பாரதூரமானவை.

3

நியூயோர்க் நகரில் மோட்டார் வாடகைக் கார்த் தொழில் பேரளவிலே தொடங்கிய ஆண்டு 1907 எனலாம். குறுகிய பயணமொன்றுக்குக் குதிரை வண்டிக்காரர் ஒருவர் ஐந்து டொலர் அறவிட்டதனாற் சினங்கொண்ட ஹரி அலன் என்ற இளம் வணிகர், பிரான்ஸிலிருந்து 65 கார்களை இறக்குமதி செய்து தொழிலில் இறக்கினார் என்பது பலராலும் கூறப்படும் செய்தி. அக்கார்களிற் பயணத் தூரத்தைக் கணித்துக் கட்டணத்தைக் காட்டும் பொறியொன்று பொருத்தப்பட்டிருந்தது. அப்பொறியின் பெயரிலிருந்தே ‘டாக்சி’ என்னும் சொல் வழக்குக்கு வந்தது. வண்டிக்காரர் நினைத்ததைக் கேட்கும் நிலை மாறி, இயந்திரம் கூறும் கட்டணத்தைச் செலுத்தும் நிலை தோன்றியது. புதிய தொழில்நுட்பம் பயணியின் நம்பிக்கையை ஈட்டித் தொழிலைக் கைப்பற்றிய முதற் சந்தர்ப்பம் இதுவாகும். ஆனால், மறு ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் சாரதிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பொறி பயணிக்கும் நிறுவனத்துக்குமிடையே இருந்த பிணக்கைத் தீர்த்தது. நிறுவனத்துக்கும் சாரதிக்குமிடையே இருந்த பிணக்கைத் தீர்க்கவில்லை.

1920களில் கார்களின் விலை குறைந்தமையாலும் தவணைக் கடன் எளிதிற் கிடைத்தமையாலும் வாடகைக் கார்கள் பெருகின. 1925இல் உரிமம் வழங்கும் பொறுப்பு நகரப் பொலிஸ் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியபோது நிலைமை முற்றாக மாறியது. வேலையிழந்தோர் பலர் வாடகைக் காரோட்டிகளாயினர், பயணிகளோ குறைந்தனர். 1930களின் தொடக்கத்தில் 20,000க்கு மேற்பட்ட கார்கள் நகரத் தெருக்களில் ஓடின. நிறுவனங்கள் கட்டணத்தைப் போட்டிபோட்டுக் குறைத்தன. கட்டணத்தின் ஒரு பங்கையே கூலியாகப் பெற்றுவந்த சாரதிகள் பகலும் இரவும் உழைத்தும் குடும்பத்தைக் காக்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

கட்டுப்பாடு தேவை என்ற குரல் இச்சூழலிலேயே வலுத்தது. ஆயின், அக்குரலை எழுப்பியோர் அனைவரும் ஒரே நலனை நாடியவர்களல்லர். கார்களின் தொகை குறைந்தாற் கூலி உயரும் எனச் சாரதிகள் எண்ணினர். சிறு போட்டியாளர் ஒழிந்தாற் சந்தை தம் கைக்குள் வரும் எனப் பெருநிறுவனத்தார் எண்ணினர். அக்கால மாநகர முதல்வர் ஜிம்மி வோக்கர், வாடகைக் கார்க் கட்டுப்பாட்டுச் சபை ஒன்றை அமைக்க முற்பட்டார். நகர நிருவாகத்தின் ஊழல்களை ஆராய்ந்த சீபரி விசாரணை, அத்தொழிலில் நலன் கொண்டிருந்த நிதியாளர் ஒருவரிடமிருந்து முதல்வர் பத்திரங்களைப் பெற்றிருந்தமையை வெளிக்கொணர்ந்தது. 1932 செப்ரெம்பரில் வோக்கர் பதவி துறந்தார். கட்டுப்பாடு என்பது தன்னளவில் நன்மையோ தீமையோ அன்று, அது யாருடைய கையில் யாருடைய நலனுக்காக இயங்குகிறது என்பதே முக்கியம் என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

1934இல் சாரதிகளின் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. வாடகைக் கார்ப் பயணங்கள் மீது நகரம் விதித்திருந்த ஐந்து சத வரி செல்லாதென நீதிமன்றம் தீர்ப்பளித்ததையடுத்து, அவ்வரியாக அறவிடப்பட்டிருந்த பணத்தில் தமக்குரிய பங்கைச் சாரதிகள் கோரினர். பெப்ரவரியில் தொடங்கிய போராட்டம் மார்ச்சிலும் தொடர்ந்தது. தொழிற்சங்க அங்கீகாரமே அதன் ஆழமான கோரிக்கையாகும். நிலையான வெற்றி கிட்டவில்லை. எனினும் அமெரிக்க இலக்கிய வரலாற்றில் அவ்வேலைநிறுத்தம் தன் தடத்தைப் பதித்தது. 1935 ஜனவரியில் மேடையேறிய கிளிஃபர்ட் ஒடெட்ஸின் ‘வெயிற்றிங் ஃபோர் லெஃப்டி’ என்னும் நாடகம் அதனையே பின்னணியாகக் கொண்டது. முற்போக்கு நாடக மரபினை அறிந்த எவருக்கும் அந்நாடகத்தின் முக்கியத்துவத்தை எடுத்துக்கூற வேண்டியதில்லை.

4

நகர சபை உறுப்பினர் லூ ஹாஸின் பெயரால் அறியப்படும் சட்டம் 1937இல் நிறைவேறியது. அப்போது தொழிலில் இருந்த கார்களுக்கு, 13,500க்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில், பத்து டொலர் கட்டணத்துக்கு உரிமத் தகடுகள் வழங்கப்பட்டன. புதிய தகடுகள் வழங்கப்படமாட்டா என விதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உரிமையாளர் பலர் தகடுகளைத் திருப்பியளித்தமையால் அத்தொகை 11,787 ஆகக் குறைந்து, ஏறத்தாழ அரைநூற்றாண்டுக் காலம் அவ்வெண்ணிலேயே நின்றது.

சட்டத்தின் நோக்கம் சாரதிகளின் வருவாயைப் பாதுகாத்தல் என்று கூறப்பட்டது. அந்நோக்கம் ஓரளவு நிறைவேறியதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், சட்டத்தில் அடங்கியிருந்த ஒரு விதி காலப்போக்கில் அந்நோக்கத்தையே விழுங்கிவிட்டது. தகட்டை ஒருவர் மற்றொருவருக்கு விற்கலாம் என்பதே அவ்விதி. எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட ஒன்று, விற்கவும் கூடியதாயின், அது சொத்தாகிவிடும். பத்து டொலருக்கு வழங்கப்பட்ட தகடு 1947 அளவில் சுமார் 2,500 டொலருக்குக் கைமாறியது; 1980களின் பிற்பகுதியில் ஓர் இலட்சம் டொலரைத் தாண்டிவிட்டது. நகரம் பொதுநலன் கருதி உருவாக்கிய அருமைப்பாடு தனியார் கையில் மூலதனமாக மாறிய வரலாறு இது. நிலவுடைமையாளன் நிலத்தின் அருமையினாற் குத்தகை பெறுவதுபோலத் தகட்டுடைமையாளன் தெருவின் அருமையினாற் குத்தகை பெறலானான்.

இம்மாற்றம் உழைப்பு உறவிலும் பிரதிபலித்தது. 1960களின் நடுப்பகுதியில் ஹரி வன் ஆர்ஸ்டேலின் தலைமையில் சாரதிகள் தொழிற்சங்கத்தை நிறுவி அங்கீகாரமும் பெற்றனர். அக்காலத்திற் பெருநிறுவனச் சாரதி ஓர் ஊழியராவார். பொறி காட்டும் கட்டணத்தில் ஏறத்தாழப் பாதி அவருக்குரியது, மீதி நிறுவனத்துக்குரியது. பயணிகள் குறைந்த நாளிற் சாரதியின் வருவாய் குறைந்ததைப் போலவே நிறுவனத்தின் வருவாயும் குறைந்தது. காத்திருப்பின் இழப்பை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

1979இல் குத்தகை முறைக்கு அனுமதி வழங்கப்பட்டமை இத்தொழிலின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அதன்படி சாரதி, பன்னிரண்டு மணிநேர வேலைமுறை ஒன்றுக்குக் குறித்த தொகையை முன்கூட்டியே செலுத்திக் காரைப் பெற்றுக்கொள்வார். எரிபொருட் செலவும் அவருடையதே. குத்தகைப் பணத்தையும் எரிபொருட் செலவையும் ஈடுசெய்த பின்னர் கிடைப்பதே அவரது வருவாய். மழை பெய்தாலென்ன, தெரு வெறிச்சோடினாலென்ன, உரிமையாளனுக்குரிய தொகை உரிமையாளனைச் சேர்ந்துவிடும். சட்டத்தின் பார்வையிற் சாரதி இனி ஊழியரல்லர், ‘சுயாதீன ஒப்பந்தகாரர்’. ஊழியர் என்ற நிலையோடு இணைந்திருந்த விடுமுறை, ஓய்வூதியம், நோய்க்கால உதவி முதலியன படிப்படியாக மறைந்தன; தொழிற்சங்கமும் நலிந்தது. காத்திருப்பின் இழப்பு முழுவதும் சாரதியின் தோள்மீது சுமத்தப்பட்டது. செயலி நிறுவனங்கள் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, கைத்தொலைபேசியின் உதவியின்றியே, இது நிகழ்ந்துவிட்டது என்பதை நாம் அழுத்திக்கூற வேண்டியுள்ளது.

இதே காலப்பகுதியிற் சாரதிகளின் சமூகக் கூட்டமைவும் மாறியது. முன்னர் யூத, இத்தாலிய, ஐரிஷ் வம்சாவளியினர் மிகுந்திருந்த தொழிலிற் பங்களாதேசம், பாகிஸ்தான், இந்தியா, ஹெயிற்றி, மேற்கு ஆபிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து குடியேறியோர் பெரும்பான்மையினராயினர். 1998இல் உருவான நியூயோர்க் டாக்சித் தொழிலாளர் கூட்டணி இவர்களிடையே எழுந்த அமைப்பாகும். அவ்வாண்டு மே 13ஆம் திகதி, மாநகர முதல்வர் ஜூலியானியின் புதிய தண்டப் பண விதிகளுக்கு எதிராக மஞ்சள் நிறக் கார்களின் சாரதிகளுட் பெரும்பாலானோர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்டோர், சட்டப்படி ஊழியர் எனக்கூடக் கருதப்படாதோர், ஒன்றிணைந்து நகரின் இயக்கத்தை நிறுத்திக்காட்டிய அந்நிகழ்ச்சி தொழிற்சங்க வரலாற்றாசிரியர்களின் கவனத்துக்குரியது.

5

பழைய ஒழுங்குமுறையின் குறைபாடுகளையும் நாம் மறைத்தலாகாது. தகடு பெற்ற கார்கள் மன்ஹற்றன் தீவின் மத்திய பகுதிகளிலும் விமான நிலையங்களிலுமே குவிந்தன. புரொங்ஸ், புரூக்ளின், குயின்ஸ் முதலிய பகுதிகளில் வாழ்ந்த கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்க மக்களும் அவற்றைக் காண்பதே அரிது. கண்டு கைகாட்டினாலும் நிறுத்தாது சென்ற சாரதிகள் பலர். 1999இல் புகழ்பெற்ற நடிகரான டனி குளோவர் தமக்கே இவ்வாறு நேர்ந்ததெனப் பகிரங்கமாக முறையிட்டபோது அது பெரும் விவாதப் பொருளாயிற்று. புறக்கணிக்கப்பட்ட பகுதிகளில் உரிமமற்ற கார்களும், தொலைபேசி மூலம் அழைக்கப்படும் கார்களும் 1960கள் முதல் தொழில் நடத்தின. 1971இல் அமைக்கப்பட்ட டாக்சி மற்றும் லிமோசீன் ஆணைக்குழு, தெருவிற் கைகாட்டி மறிக்கப்படும் கார், முன்கூட்டியே அழைக்கப்படும் கார் என இருவகையாகத் தொழிலைப் பிரித்து நிருவகித்தது. முதல் வகைக்கு எண்ணிக்கை வரையறையும் கட்டண நிர்ணயமும் உண்டு. இரண்டாம் வகைக்கு அவை இல்லை.

இப்பிரிவினையின் ஊடாகவே ஊபர் நிறுவனம் நுழைந்தது. 2009இல் சென் பிரான்சிஸ்கோவில் தோன்றிய அந்நிறுவனம் 2011இல் நியூயோர்க்கிற் செயற்படத் தொடங்கியது. வேறு நகரங்கள் பலவற்றில் அது உரிமமின்றியே தொழிலில் இறங்கியது. நியூயோர்க்கிலோ முன்கூட்டி அழைக்கப்படும் கார்களுக்குரிய சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று, உரிமம் பெற்ற சாரதிகளைக் கொண்டு இயங்கியது. தெருவிற் கைகாட்டுவதற்கும் செயலியைத் தொடுவதற்குமிடையே உள்ள நேர வேறுபாடு சில நிமிடங்களாகச் சுருங்கியபோது, சட்டம் வகுத்திருந்த இருவகைப் பிரிவு பொருளற்றதாயிற்று. வரையறையற்ற வகை வரையறுக்கப்பட்ட வகையை விழுங்கலாயிற்று. 2015இல் மாநகர முதல்வர் டி பிளாசியோ செயலிக் கார்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த முனைந்தார். ஊபர் நிறுவனம் தன் செயலியையே பிரசார மேடையாக்கிப் பயணிகளைத் திரட்டியது. நகர நிருவாகம் பின்வாங்கியது. மூன்றாண்டுகளின் பின் செயலிக் கார்களின் தொகை சுமார் 80,000 ஆகியிருந்தது. தகடு பெற்ற கார்களோ 13,587 மட்டுமே.

தொழிலின் புதிய முதலாளி காருக்கோ தகட்டுக்கோ உரிமையாளன் அல்லன் என்பது ஈண்டுக் கவனித்தற்குரியது. காரை வாங்குபவரும், அதன் கடனைக் கட்டுபவரும், காப்புறுதி செலுத்துபவரும் சாரதியே. நிறுவனத்தின் உடைமையாக இருப்பது பயணியையும் சாரதியையும் இணைக்கும் தகவல் வலை. கார்கள் எவ்வளவுக்கு மிகுதியோ, அவ்வளவுக்குப் பயணி காத்திருக்கும் நேரம் குறையும். சாரதி காத்திருக்கும் நேரம் கூடும். முன்னதன் பயன் நிறுவனத்தைச் சேரும். பின்னதன் இழப்பு நிறுவனத்தைத் தீண்டாது. ஆகவே தெருவிற் கார்கள் மிகையாவதைத் தடுக்கும் எந்தத் தேவையும் நிறுவனத்துக்கு இல்லை. 1930களில் வேலையின்மை உருவாக்கிய நெரிசலை இப்போது வணிக முறையே உருவாக்கியது.

6

இவ்விரு ஒழுங்குகளுக்குமிடையே நசுங்கியோர் தகட்டைக் கடனுக்கு வாங்கியிருந்த சாரதிகளாவர். குத்தகைக்குக் காரோட்டிய குடியேறிகள் பலருக்கும் ஒரு தகட்டைச் சொந்தமாக்கிக்கொள்வதே வாழ்நாட் கனவாக இருந்தது. தகட்டின் விலை ஒருபோதும் வீழ்ந்ததில்லை என அவர்களுக்குக் கூறப்பட்டது. நகர நிருவாகமே புதிய தகடுகளை ஏலத்தில் விற்று அவற்றைச் சிறந்த முதலீடாக விளம்பரப்படுத்தியது. 2014 அளவில் ஒரு தகட்டின் விலை பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. காரோட்டி ஈட்டக்கூடிய வருவாயோடு எவ்விதத்திலும் பொருந்தாத விலை அது. சாரதிகளின் திருப்பிச் செலுத்தும் ஆற்றலை நோக்காது கடன் வழங்கிய நிதி நிறுவனங்களின் செயல்களையும், அவற்றைக் கண்டும் காணாதிருந்த அதிகாரிகளின் பொறுப்பின்மையையும் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 2019இல் விரிவான புலனாய்வுக் கட்டுரைகளில் வெளிப்படுத்தியது. தகட்டு விற்பனையாலும் கைமாற்று வரியாலும் நகரம் 85 கோடி டொலருக்கு மேல் வருவாய் பெற்றிருந்ததென அப்பத்திரிகை கணித்தது.

சில ஆண்டுகளுள் தகட்டின் விலை இரண்டு இலட்சம் டொலருக்குங் கீழே சரிந்தது. கடனோ குறையவில்லை. ஐந்து, ஆறு இலட்சம் டொலர் கடனோடு முதுமையை எட்டிய சாரதிகள் ஓய்வுபெற இயலாது தொடர்ந்து காரோட்டினர். சிலர் வீட்டை இழந்தனர். 2018இல் சாரதிகள் பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டமை நகரையே உலுக்கியது. இவர்களின் வீழ்ச்சிக்குச் செயலி நிறுவனங்களே காரணம் என்போரும் உளர். கடன் வழங்கியோரே காரணம் என்போரும் உளர். இரண்டும் உண்மையே எனினும் இரண்டும் முழு உண்மையல்ல. உழைக்கும் உரிமையை விற்பனைப் பண்டமாக்கிய 1937ஆம் ஆண்டு விதியிலும், காத்திருப்பின் சுமையைச் சாரதிக்கு மாற்றிய 1979ஆம் ஆண்டு விதியிலும் இதன் வேர்கள் உள்ளன.

2021 இலையுதிர் காலத்தில் நகர மண்டபத்தின் வாயிலிற் சாரதிகள் இரவு பகலாகத் தங்கிப் போராடினர். ஒக்ரோபர் 20ஆம் திகதி தொடங்கிய உண்ணாவிரதம் பதினைந்து நாட்கள் நீடித்தது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்து அதிற் பங்குகொண்ட சொஹ்ரான் மம்தானி, 2025 நவெம்பர் தேர்தலில் அந்நகரின் முதல்வராகத் தெரிவுசெய்யப்பட்டார். நவெம்பர் 3ஆம் திகதி எட்டப்பட்ட உடன்படிக்கைப்படி, தகட்டுக் கடன்களை மிகுதியாக வைத்திருந்த மார்பிள்கேற் நிறுவனம் ஒவ்வொரு கடனையும் இரண்டு இலட்சம் டொலராகக் குறைக்க இணங்கியது. அதில் 30,000 டொலரை நகரம் மானியமாக வழங்கவும், மீதி 1,70,000 டொலருக்கு நகரமே பிணை நிற்கவும் ஏற்பாடாயிற்று. தான் உருவாக்கிய சந்தையின் விளைவுக்குத் தானும் பொறுப்பாளி என்பதை நகரம் இவ்வாறு செயலால் ஒப்புக்கொண்டது எனலாம்.

7

இப்போராட்டத்துக்கு முன்னர், 2018 ஓகஸ்ற்றில், நியூயோர்க் நகர சபை செயலிக் கார்களுக்குப் புதிய உரிமங்கள் வழங்குவதை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. ஐக்கிய அமெரிக்கப் பெருநகரங்களுள் இவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. அதனோடிணைந்த மற்றொரு நடவடிக்கை கோட்பாட்டளவில் இன்னும் முக்கியமானது. ஆணைக்குழுவின் வேண்டுகோளின்படி பொருளியலாளரான ஜேம்ஸ் பரற், மைக்கல் ரைக் ஆகியோர் நடத்திய ஆய்வு, செயலிச் சாரதிகளுள் 85 சதவீதத்தினர் முன்மொழியப்பட்ட குறைந்தபட்ச வருவாயைப் பெறவில்லை எனக் காட்டியது. அதனை அடிப்படையாகக் கொண்டு, செலவு போக மணிக்கு 17.22 டொலர் கிடைக்கத்தக்க குறைந்தபட்சக் கொடுப்பனவு 2019 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

அக்கொடுப்பனவைக் கணிக்கும் முறையே நம் கவனத்தை ஈர்ப்பது. சாரதி வேலைக்கு ஆயத்தமாக இருக்கும் நேரத்தில் எத்தனை சதவீதம் பயணியோடு கழிகிறது என்பது கணிக்கப்பட்டது. தொடக்கத்தில் அது 58 சதவீதமாகக் கொள்ளப்பட்டது. பயணத்துக்குரிய தொகையை அவ்வீதத்தால் வகுத்துக் கொடுப்பனவு தீர்மானிக்கப்பட்டது. அதாவது வெறுமையான நேரம் மிகுந்தால் நிறுவனம் ஒவ்வொரு பயணத்துக்கும் கூடுதலாகச் செலுத்தல் வேண்டும். இலண்டனில் 1635இல் தொடங்கிய கட்டுப்பாட்டு வரலாறு பெரும்பாலும் வண்டிகளை எண்ணியது, கட்டணத்தை அளந்தது, சாரதியின் அறிவைச் சோதித்தது. சாரதியின் காத்திருப்பு ஓர் உழைப்பு என்பதை எண்ணால் அளந்து அதற்கு விலை வைத்த விதி இதுவாகும்.

நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. வெறுமையான நேரத்தைக் குறைத்துக்காட்டுவதற்காகத் தேவை குறைந்த வேளைகளிற் சாரதிகளைச் செயலிக்குள் நுழையவிடாது தடுத்தன. கணக்கிற் சேராத காத்திருப்பு மீண்டும் தெருவோரத்திலே தொடர்ந்தது. மன்ஹற்றனில் வெறுமையாக ஓடும் நேரத்துக்கு நகரம் விதித்த உச்சவரம்பை 2019 டிசெம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நியூயோர்க்குக்கு வெளியேயும் இதே பிணக்கு வேறு வடிவங்களில் நிகழ்ந்துள்ளது. ஊபர் ஒரு தகவற் சேவையன்று, போக்குவரத்துச் சேவையே என ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19ஆம் திகதி, ஊபர் சாரதிகள் சட்டப்படி ‘தொழிலாளர்’ என்ற வகையினர் எனவும், செயலிக்குள் நுழைந்து பயணத்தை ஏற்க ஆயத்தமாக இருக்கும் நேரமும் வேலை நேரமே எனவும் ஒருமனதாகக் கூறியது. கலிபோர்னியாவிலோ நிறுவனங்கள் 20 கோடி டொலருக்கு மேற் செலவிட்டுப் பிரசாரஞ் செய்தன. 2020 நவெம்பரில் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பிற் சாரதிகள் சுயாதீன ஒப்பந்தகாரராகவே இருப்பர் என்ற முன்மொழிவு வெற்றிபெற்றது.

8

தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, கட்டுப்பாடற்ற சந்தை, கட்டுப்படுத்தப்பட்ட சந்தை என்ற எதிர்நிலை இத்தொழிலின் வரலாற்றை விளக்கப் போதியதன்று. 1930களின் கட்டுப்பாடற்ற போட்டி சாரதிகளை வறுமையில் ஆழ்த்தியது. பின்வந்த கட்டுப்பாடு வேறொரு வழியால் அவர்களைக் கடனில் ஆழ்த்தியது. இரண்டாவதாக, எண்ணிக்கை வரையறை தேவையாக இருக்கலாம். ஆயின், அதனால் உருவாகும் உரிமை விற்பனைப் பொருளாகும்போது அவ்வரையறையின் பயன் உழைப்பவரை விட்டு உடைமையாளரைச் சேர்கிறது. மூன்றாவதாக, செயலி நிறுவனங்கள் புதியன எனினும் அவை நிலைகொண்டுள்ள ‘சுயாதீன ஒப்பந்தகாரர்’ என்னும் அத்திவாரம் புதியதன்று. மஞ்சள் நிறக் கார்களின் உரிமையாளரும் அதிகாரிகளும் சேர்ந்து இட்ட அத்திவாரமே அது.

கொழும்பிலும் 2015 முதல் பிக்மீ, ஊபர் ஆகிய செயலிகள் வழியாக முச்சக்கரவண்டிகளும் கார்களும் இயங்கிவருகின்றன. நம் நாட்டு நிலைமைகள் வேறானவை. நியூயோர்க்கின் விதிகளை இங்கே அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது. ஆயினும் கட்டணம் எவ்வளவு, வண்டிகள் எத்தனை என்னும் வினாக்களோடு நில்லாது, தெருவோரத்திற் காத்துநிற்கும் சாரதியின் நேரம் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்னும் வினாவையும் எழுப்புதல் எந்நகரத்துக்கும் பொருந்தும். அவ்வினாவை எழுப்பாத எந்தச் சட்டமும், பயணிக்கு வசதியையும் நிறுவனத்துக்கு இலாபத்தையும் அளித்துவிட்டு, எஞ்சியதைச் சாரதியிடம் விட்டுச்செல்லும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.